இன்ஜினுக்குப் பூசிய பால்

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித் துடைத்து மூன்று நாளாகியும் இன்ஜின் வியர்த்துக்கொண்டிருந்தது. மழைக்காலத்து ஈரம் என்றுதான் சன்னாசி முதலில் நினைத்தான். ஈரமென்றால் துணியில் தண்ணீராக அல்லவா வரவேண்டும்? இது மஞ்சளாக, கொழகொழவென்று, ஆறிப்போன ஆட்டுக்கால் சூப்பின் மேலே படிகிற கொழுப்பைப் போல விரலில் ஒட்டியது. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் தங்கிவிட்டது. சோறு பிசையும்போது அந்த வாடை மூக்கில் ஏற, முதல் கவளத்தையே கொல்லையில் துப்பிவிட்டு வந்தான்.

சன்னாசி ஒன்றும் எதற்கெடுத்தாலும் மூக்கைப் பிடிக்கிற ஆளில்லை. பன்னிரண்டு வருஷம் ரப்பர்க் காட்டில் பால் வெட்டியவன். மழையில் ஊறி அழுகின ஒட்டுப்பால் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே பசியாறியவன். அப்பேர்ப்பட்டவனுக்கே சோறு இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் இருந்த தோட்டம் சிரம்பான் டவுனிலிருந்து கடற்கரைக்குப் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி இருந்தது. அங்கே ஸ்டோரில் ரப்பர் ஷீட்டு உருட்டும் மிஷினை அதுவரை கையால்தான் சுற்றினார்கள். தோட்டத்துத் துரை ஒரு பழைய கார் இன்ஜினை வாங்கி, அதை வைத்து மிஷினை ஓட்டத் திட்டம் போட்டார். உள் வேலையெல்லாம் சிரம்பான் பட்டறையில் முடிந்து வந்தாயிற்று. வெளி அழுக்கை எடுத்து வெள்ளிப் பெயிண்டு அடிக்கவேண்டியதுதான் பாக்கி. திங்கட்கிழமை காலையில் துரை முன்னால் அது பளபளவென்று நின்று ஓடினால் இன்ஜின் டிரைவர் வேலை சன்னாசிக்கு, அவன் பெண்சாதி லெச்சுமி இனிமேல் காட்டுக்குப் போகவேண்டாம் என்று ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வாக்குக் கொடுத்திருந்தார்.

லெச்சுமிக்கு அது ஏழாம் மாதம். முன்னால் தங்கிய இரண்டும், தோளில் பால் வாளியோடு அவள் சரிவில் இறங்கும்போதே கலைந்துபோயின. இரண்டையும் மரத்தடியில் புதைத்தவன் சன்னாசிதான். இந்த மூன்றாவதையாவது வீட்டில் உட்காரவைத்துப் பெற்றுவிடவேண்டும் என்பதற்காகத்தான், ஸ்டோர் வாசலில், ஷீட்டு உலர்த்துகிற புகைவீட்டுக் கரி பெயிண்டில் படியும் என்று சொல்லி, இன்ஜினை நாலு பேரை விட்டுத் தூக்கிவந்து தன் வீட்டு அடுப்படியில் இரண்டு கட்டைமேல் நிறுத்தியிருந்தான்.

இரும்பாக இருந்தால் காரச் சோடாவில் கொதிக்கவைத்தே அழுக்கை எடுத்திருப்பான். இதுவோ முழுக்க அலுமினிய வார்ப்பு. ஒரு சின்ன மூடியைச் சோடாவில் போட்டுப் பார்த்தான். அது நுரைத்துப் பொங்கி, கறுத்து, ஓரமெல்லாம் அரித்துப் போயிற்று. பிறகு பிரஷும் மண்ணெண்ணெயும்தான் கதி. சனிக்கிழமை ஒரு கோட்டு பெயிண்டு அடித்தான். விடிந்து பார்த்தால் பெயிண்டு முழுக்கக் கொப்புளம். ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினான். உள்ளிருந்து அந்த மஞ்சள் வழிந்தது.

ஞாயிறு மத்தியானம் லாரி டிரைவர் காதர் மைதீன் இன்னொரு டின் பெயிண்டு கொண்டுவந்தான். இன்ஜினைச் சிரம்பானிலிருந்து ஏற்றிவந்தவனும் அவன்தான். அடுப்படிக்குள் வராமல் தாழ்வாரத்திலேயே நின்றான்.

"இன்னும் உள்ளயா வச்சிருக்கீங்க? வெளியில தள்ளுங்க லா."

"மழை பேயுது பாய். பெயிண்டு நிக்காது."

காதர் மைதீன் குரலை இறக்கினான். "கடலோரமா சி ரூசா ரோட்டுல ஒரு காரு சேத்துல கவுந்துச்சே, அந்தக் காரோடது இது. டிரைவரு அடியில மாட்டிக்கிட்டான். பதினோரு நாள் கழிச்சுத்தான் தூக்குனாங்க. நண்டு தின்னது போக மிச்சத்த அள்ளிப் பொதச்சாங்க."

"ஏத்தறப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க எறக்கியிருக்க மாட்டீங்க. இத எறக்க எனக்கு வேற எடமில்ல."

லெச்சுமி நீட்டிய காப்பியை வாங்காமலே அவன் போய்விட்டான். என்ன சொன்னார் என்று லெச்சுமி கேட்டாள். பிள்ளைத்தாய்ச்சியின் காதில் துர்ச்சாவுச் சேதி விழக்கூடாது என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. "ஒண்ணுமில்ல, பெயிண்டு வெல" என்று சொல்லிவிட்டான் சன்னாசி. சொல்லியிருந்தால் அவள் அந்த இன்ஜினைத் தொட்டே இருக்கமாட்டாள்.

அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பால ஊத்தி உரிங்களேன். கையில ஒட்டுன அழுக்க நாங்க அப்பிடித்தானே எடுக்கறோம்?"

நல்ல யோசனைதான். கையில் பட்ட ரப்பர்ப் பால் காய்ந்ததும் உரித்தால், அழுக்கு அதோடு வந்துவிடும். காலையில் வெட்டிய பாலில் அரை வாளியை, வேலை வாங்குகிற மண்டோர் கண்ணில் படாமல் கொண்டுவந்திருந்தாள். அவளே குனிந்து, ஷீட்டுத் தட்டில் ஊற்றுகிற பழக்கத்தில், தாராளமாக இன்ஜின்மேல் ஊற்றினாள். சீக்கிரம் உறையட்டும் என்று அவன் ஆசிட் தண்ணீரைத் தெளித்தான். புளித்த வாடை அடுப்படி முழுக்க நிறைந்தது.

ஒரு மணி நேரத்தில் உரித்தார்கள். உரிய உரிய அடியில் அலுமினியம் புதுப் பாத்திரமாக மின்னியது. லெச்சுமி சிரித்தே விட்டாள். அவள் சிரித்து அவன் பார்த்து எத்தனை நாளாயிற்று! உரித்ததை விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பினான். உட்புறம் அழுக்கு இல்லை. பொடிப்பொடியாக மயிர்க்கால். அதில் ஒரே பக்கமாகப் படிந்த குட்டை மயிர். நடுவில், மடக்கி நீட்டின முழங்கைச் சுருக்கம்.

கை கூசியது. சுருட்டி அடுப்பில் போட்டான். ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. அதற்குள்ளே கொழுப்பு உருகுகிற வாடையும் வந்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டான். லெச்சுமி மூச்சை இழுத்து எச்சில் விழுங்கினாள்.

"கருவாடு சுடற மாதிரி இல்ல? பசிக்குது எனக்கு."

இரண்டாவது முறையும் அவள்தான் ஊற்றினாள். வேண்டாம் என்று அவனால் சொல்ல முடியவில்லை. பக்கவாட்டில் இன்னும் மஞ்சள் இருந்தது, திங்கட்கிழமைக்கு ஒரு ராத்திரிதான் இருந்தது. இந்த முறை உரித்ததை அவன் பார்க்கக்கூடாது என்று நினைத்தான். பார்த்தான். ஒரு காது. மடலில் கடுக்கன் துளையோடு, முழுக் காது. கொல்லைக்கு ஓடி, வயிற்றில் இருந்த தண்ணீரையெல்லாம் வாந்தியெடுத்தான். திரும்பி வந்தபோது லெச்சுமி அதைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பிடுங்கி நெருப்பில் எறிந்தான். அவள் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆனால் இன்ஜின் காய்ந்திருந்தது. துணியால் துடைத்தான். சுத்தம். பொழுது சாய்வதற்குள் பெயிண்டு அடித்து முடித்தான். ஒரு கொப்புளம் இல்லை. கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அப்பாடா என்று பிரஷைக் கீழே வைத்தவன், பிளக் மாட்டுகிற துளைகளைப் பார்த்தான்.

மூன்றில் கந்தல் துணி அடைத்திருந்தான். நாலாவதை மறந்துவிட்டான். அதன் வாயில் வெள்ளையாக, உறைந்த பால் நின்றது. உள்ளே போய்க் கெட்டியாகியிருந்தால் பிஸ்டன் நகராது. நாளைக்கு இன்ஜின் ஓடாது. லெச்சுமி மறுபடி காட்டுக்குப் போவாள்.

நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தான். வந்தது. விரல் கனத்தில், முறுக்கிக்கொண்டு, வழவழவென்று வந்தது. வெள்ளைக்குள் நீலமாக ஒரு நரம்பு ஓடியது. உறைந்த பால் சில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. பிசுபிசுவென்று நீர் வடிந்து புறங்கையில் ஓடியது. ஒரு சாண் வந்தாயிற்று. இன்னும் இழுத்தான்.

"ஏங்க."

அறைக்குள்ளிருந்து லெச்சுமி.

"என்ன புள்ள?"

ஒரு முழம் இழுத்தான். அவள் முனகினாள். நிறுத்தினான். முனகல் நின்றது.

வெறும் தற்செயல்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். துளி, ஒரே துளி, இழுத்துப் பார்த்தான்.

"இழுக்காதீங்க." நடுவில் பலகைச் சுவர். அங்கிருந்து அவளுக்கு அவன் தெரியமாட்டான். "இழுக்காதீங்க, வலிக்குது."

கைக்குள் அது துடித்தது. சின்னத் துடிப்பு. வேகமான துடிப்பு. அவன் நெஞ்சு ஒருமுறை அடிக்கும்போது அது இரண்டுமுறை.

விட்டுவிடலாம் என்று விரலைத் தளர்த்தினான்.

இன்ஜின் இழுத்தது.

விரல்களுக்குள் வழுக்கி ஒரு சாண் உள்ளே போயிற்று. அறையில் பாய் சரசரத்தது. லெச்சுமி அலறினாள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். நின்றது. மறுபடி இழுப்பு. அவசரமே இல்லாத இழுப்பு. துளையின் வாயில் மஞ்சள் நுரைத்தது. இன்னும் ஒரு சாண்.

பால் வெட்டுகிற கத்தி கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வெட்டலாம். எதை? அவன் கைக்குள் துடிப்பதையா?

வெட்டவில்லை. இழுக்கவில்லை. விடவில்லை. முட்டியை இன்ஜின்மேல் முட்டுக்கொடுத்து, கொழகொழவென்று வழியும் அந்தத் தொப்புள்கொடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தான். புதுப் பெயிண்டு முட்டியெல்லாம் ஒட்டியது.

அறை வாசலில் பாயின் விளிம்பு தெரிந்தது. பிறகு லெச்சுமி தெரிந்தாள். கையும் காலும் பின்னால் இழுபட, தரையோடு தரையாக, வயிறு முதலில் வந்துகொண்டிருந்தது.