இருபத்திரண்டு லீற்றர் பெற்றோலும் இரண்டு பனிவண்டிகளும்

"நாற்பது கிலோமீற்றர் போக வேணும், நாற்பது கிலோமீற்றர் திரும்பி வர வேணும். கையிலை இருக்கிறது இருபத்திரண்டு லீற்றர். இனிச் சொல்லுங்கோ அண்ணி, எந்த வண்டி?"

கராஜ் வாசலை மறித்துக்கொண்டு நின்று கிருபானந்தன் கேட்டான். காலை ஏழு மணி. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகைக் குளிர். நகுலேஸ்வரி இரண்டு பனிவண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய புருஷன் தவபாலன் மலைமேல் ஒரு குடிலில் கால் முறிந்து கிடந்தான். வண்டியைப் பிழையாகத் தெரிவு செய்தால் அவனை உயிரோடு பார்க்க முடியாது.

தவபாலனுக்கு மலையில் பனியின் ஆழத்தை அளக்கிற வேலை. கனடாவின் மேற்குக் கரையோர மலைகளில் மாதம் ஒருமுறை ஹெலிகொப்டரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், நாலு நாளில் வந்து ஏற்றுவார்கள். இம்முறை ஏற்றப் போக முடியாதபடி முகில் மூடிவிட்டது. முதல்நாள் மாலை ஆறு மணிக்கு வானொலிக் கருவியில் அவனுடைய குரல் வந்தது. கால் முறிந்துவிட்டது, விறகு இன்னும் ஒரு நாளைக்குத்தான் காணும் என்றான். பிறகு பற்றரி செத்துவிட்டது.

மீட்புக் குழு வருவதென்றால் பெருஞ்சாலையால் வரவேண்டும். அந்தச் சாலை பனிச்சரிவில் புதைந்து கிடந்தது. தொலைபேசியில் பேசிய அதிகாரி ஒன்றையும் மறைக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு அடுத்த புயல் தொடங்கும், மூன்று நாளைக்கு ஓயாது என்றார். நீங்கள் இருவரும் பயிற்சி எடுத்தவர்கள், போகத் துணிந்தால் தடுக்கமாட்டேன், ஆனால் மதியம் தாண்டியும் குடிலை அடையாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்றார். ஊரில் இரண்டு நாளாக மின்சாரம் இல்லை, பெற்றோல் நிலையத்துப் பம்புகளும் ஓடவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் கேட்டு வடித்துச் சேர்த்தது அந்த இருபத்திரண்டு லீற்றர்தான்.

இந்த வண்டிச் சண்டை அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் மூன்று குளிர்காலமாக நடந்து வருகிறது. இருவரும் சேர்ந்து நடத்துகிற கராஜ் அது. கிருபானந்தனுடையது ஃபோர் ஸ்ட்ரோக். கொழுத்த வண்டி, அகன்ற இருக்கை, இரண்டு பேர் சாய்ந்திருந்து போகலாம். சத்தமும் குறைவு, குடிப்பதும் குறைவு. நகுலாவுடையது டூ ஸ்ட்ரோக். மெலிந்த உடம்பு, சில்லுக்குப் பதிலாகச் சுழலும் நீண்ட பட்டை, காட்டைக் கலக்குகிற சத்தம், பின்னால் ஒரு புகைவால். பெற்றோலை அண்டா அண்டாவாகக் குடிக்கும், ஆனால் எந்த ஆழப் பனியிலும் மிதந்து ஏறும். எதை வாங்கலாம் என்று கேட்டு யாராவது கராஜுக்கு வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்குவார்கள். வந்தவர் யோசித்துவிட்டு வருகிறேன் என்று நழுவிவிடுவார்.

இன்றைக்கும் அதே வாக்குவாதம்தான்.

"உங்கடை வண்டி ஏறும் அண்ணி, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. இறங்கி வர ஒரு சொட்டு இருக்காது. அண்ணாவோடை சேர்ந்து நீங்களும் மேலை குடியிருக்க வேண்டியதுதான்."

"உன்ரை எருமை வெள்ளைக்கூரையிலை கழுத்துவரை தாழும். பெற்றோல் மிச்சம் இருக்கும்தான். அது அவருக்கு என்னத்துக்கு உதவும்?"

வெள்ளைக்கூரை என்பது அவர்கள் வைத்த பெயர். முப்பத்துநாலாவது கிலோமீற்றர் வரை மரம் வெட்டுகிறவர்களின் பாதை, இறுகிய பனி, சிரமமில்லை. அதற்குப் பிறகு ஆறு கிலோமீற்றருக்கு ஓட்டுவீட்டுக் கூரைபோலச் சாய்ந்த மலை, இடுப்பளவு புதுப்பனி.

அவன் சொன்னதும் சரி, அவள் சொன்னதும் சரி. அதுதான் தொல்லை. யாராவது ஒருவர் பிழையாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாகப் புறப்பட்டிருக்கலாம்!

அவள் சுவரில் கிடந்த இழுவைக் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டாள்.

"என்ரை வண்டியின்ரை பெல்ட்டைக் கழற்று. எருமை இழுக்கட்டும்."

இயந்திரத்தையும் பட்டையையும் இணைப்பது அந்த பெல்ட்தான். அதைக் கழற்றிவிட்டால் கட்டி இழுக்க இழுக்க வண்டி பின்னால் வழுக்கிக்கொண்டு வரும், ஒரு சொட்டுப் பெற்றோல் வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக் பாதைமுடிவுவரை இழுத்துப்போகும். டூ ஸ்ட்ரோக் அங்கிருந்து ஆறு கிலோமீற்றர் மட்டும் ஏறி இறங்கும். கிருபா விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். போக ஏழு, வர ஏழு, மலைக்கு ஐந்து, பத்தொன்பது. மூன்று லீற்றர் மிச்சம். இதை ராத்திரியே சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்தபடி அவன் பெல்ட்டைக் கழற்ற ஓடினான்.

நகுலா உள்ளே போய்க் காலுக்குக் கட்டப் பலகைத் துண்டுகள், போர்வை, சுடுநீர்க் குடுவை, சின்ன எரிவாயு அடுப்பு என்று பைக்குள் திணித்தாள். பெற்றோல் ஊற்றுகிற வேலையைக் கிருபாவிடம் விட்டாள். அந்த இடத்தில்தான் பிழை நடந்தது.

எட்டு மணிக்குப் புறப்பட்டார்கள். கிருபா முன்னால் ஓட்ட, நகுலா இயங்காத வண்டியில் இருந்தபடி அதன் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஐந்து கிலோமீற்றர் போயிருக்கும். மூக்கில் ஏதோ வாசம் ஏறியது. நன்றாகத் தெரிந்த வாசம். ஆனால் அது அவளுடைய வண்டியிலிருந்து வரவேண்டியது, அவளுடைய வண்டியோ ஓடவேயில்லை. முன்னால் போன ஃபோர் ஸ்ட்ரோக்கின் பின்புறத்திலிருந்து நீலப் புகை வந்துகொண்டிருந்தது.

அவள் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. பனியை உருட்டி முதுகில் எறிந்தாள். மூன்றாவது எறி பட்டது. நிறுத்தி இறங்கி வந்தவன் புகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு தலைக்கவசத்துக்குள்ளேயே முகத்தை மறைக்கப் பார்த்தான்.

நகுலாவின் டூ ஸ்ட்ரோக்கில் ஒயில் பம்ப் பழுதாகிக் கழற்றியாகிவிட்டது, அதற்குப் பெற்றோலிலேயே ஒயில் கலக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்குக் கலக்கவே கூடாது. கிருபாவின் தகப்பன் மயிலிட்டிக் கடற்கரையில் இயந்திர வள்ளம் வைத்திருந்த மீனவர். கடலுக்குப் போகுமுன் கரையிலேயே முழுப் பெற்றோல் கானுக்கும் ஒயில் கலந்துவிட வேண்டும், நடுக்கடலில் அளந்துகொண்டிருக்க முடியாது. பத்து வயதில் பழகிய கை அது. அவசரத்தில் இருபத்திரண்டு லீற்றருக்கும் கலந்துவிட்டது.

"ஒரு வண்டிக்குத்தானே ஒயில் வேணும்?"

"கை செய்திட்டுது அண்ணி."

திட்டலாம், ஆனால் திட்டினால் பெற்றோல் தெளிந்துவிடாது. புகைத்தாலும் வண்டி ஓடும், தீப்பொறி தட்டும் பிளக்தான் கரிபிடிக்கும். விரட்டி ஓட்டு, நின்ற இடத்தில் மட்டும் சும்மா இயங்கவிடாதே என்று சொல்லி அவனை மறுபடி ஏற்றினாள். மிச்சம் இருபத்தொன்பது கிலோமீற்றரும் கொழுந்தனின் புகையை விழுங்கிக்கொண்டே போனாள்.

பத்து மணிக்கு வெள்ளைக்கூரையின் அடி. பெல்ட்டை மாட்டி, இயந்திரத்தைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள். ஒரே இழுவையில் டூ ஸ்ட்ரோக் குரைத்துக்கொண்டு எழும்பியது.

சரிவில் ஒருவர்தான் ஏறலாம், மற்றவர் பத்திரமான இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பனி சரிந்தால் தோண்டி எடுக்க ஆள் வேண்டுமே. தானே போகிறேன் என்று கிருபா முன்னுக்கு வந்தான். உன் தொண்ணூறு கிலோவையும் உன் அண்ணரையும் சேர்த்து இது சுமக்காது என்றாள். அவன் ஒதுங்கி நின்றான். அப்போது மட்டும் அவன் கண் கலங்கியிருந்தது.

நகுலா ஏறினாள். வண்டியில் இருக்கவில்லை, எழும்பி நின்றாள். இடது பக்கம் சாய்ந்து, வலது பக்கம் சாய்ந்து, மரங்களை ஒட்டியே வழிபிடித்துப் போனாள். பனி நெஞ்சுவரை அடித்து முகத்தை மூடியது. பெற்றோல் விசையைத் தளர்த்தினால் வண்டி தாழும், கூட்டினால் குழிதோண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலளவு இடத்தில் வண்டி பறந்தது.

மூன்றாவது கிலோமீற்றரில் இரண்டு தேவதாருக்களுக்கு நடுவே பட்டை சுழன்றது, வண்டி முன்னேறவில்லை. பின்புறம் குழிக்குள் இறங்கியது. அவள் நிறுத்திவிட்டு இறங்கினாள், இடுப்புவரை புதைந்தாள். சுற்றிவரப் பனியை மிதித்து இறுக்கினாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, வண்டியைச் சரிவுப் பக்கமாகக் குப்புறச் சாய்த்து, முன்னுக்கு இழுத்து நிமிர்த்தினாள். மூன்றுதரம் முயன்ற பிறகு அது குழியைவிட்டு வெளியே வந்தது. கிருபாவின் எருமையாக இருந்திருந்தால் வசந்தகாலம்வரை அங்கேயே கிடந்திருக்கும்.

பதினொரு மணிக்குக் குடில் தெரிந்தது. புகைக்குழாயில் புகை இல்லை.

அவளுடைய கை விசையிலிருந்து தானாக விலகியது. இந்தக் குளிரில் அடுப்பை அணையவிடுகிற ஆள் இல்லை அவன். வண்டி நின்றதும் காடு முழுக்க அமைதியாகிவிட்டது. கதவுவரை இருபது அடி. பனியை உழக்கிக்கொண்டு போனாள்.

கதவைத் தள்ளினாள். மேசைக்குக் கீழே ஒரு நித்திரைப் பை. அதற்கு மேலே இரண்டு போர்வை, ஒரு சாக்கு. அசைவில்லை.

"இஞ்சேருங்கோ."

சாக்கு அசைந்தது.

"உம்மடை வண்டிச் சத்தம் அரைமணித்தியாலமாக் கேக்குது. இடையிலை நிண்டிட்டுது. எனக்கு உயிர் போட்டுது நகுலா."

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏன் அடுப்பு எரியவில்லை என்று கேட்டாள். வாங்குப் பலகையையும் ஒரு கதிரையையும் எரித்தாகிவிட்டது, மிச்சம் மூன்று கட்டைதான், புயல் வரும்போது தேவைப்படும் என்று எடுத்து வைத்தேன் என்றான். அந்த மூன்று கட்டையும் அவனுடைய தலைமாட்டில் ஒழுங்காக அடுக்கியிருந்தது.

"எல்லாத்தையும் போட்டு எரியுங்கோ," என்றாள். மூன்றையும் அவளே அடுப்புக்குள் வைத்துக் கொளுத்தினாள்.

அந்த நெருப்பில் இருவரும் பத்து நிமிடம் குளிர் காய்ந்தார்கள். சுடுநீர் குடித்ததும் அவன் உதட்டுக்கு நிறம் வந்தது. காலைப் பலகை வைத்துக் கட்டினாள். பாதம் வீங்கியிருந்தது, ஆனால் விரல்களை ஆட்டினான்.

இறங்குவதற்கு வேறு தொல்லை. விசையை விட்டதும் ஃபோர் ஸ்ட்ரோக் தானாகவே வண்டியைப் பிடித்துவைக்கும். டூ ஸ்ட்ரோக் பிடிக்காது, அவிழ்த்துவிட்ட கன்றுபோல ஓடும். இரண்டு ஆள் பாரத்தோடு அந்தச் சரிவில் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. குடிலுக்குப் பின்னால் காற்றில் முறிந்து விழுந்த தேவதாரு உச்சி ஒன்று கிளையோடு கிடந்தது. அதை வண்டியின் பின்னால் கட்டினாள். தவபாலனை முன்னால் இருத்தி, இரு கைக்கும் நடுவே அணைத்துப் பிடித்து, ஏறி வந்த தடத்திலேயே இறக்கினாள். கிளை பனியை வாரி இழுத்து வண்டியைத் தடுத்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் பல்லைக் கடித்தான். ஒவ்வொரு முனகலுக்கும் அவள் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பை வைத்துக்கொள்ளும், கண்ணைத் தடத்தில் வையும் என்றான்.

கீழே கிருபா ஓடிவந்தான். அண்ணனைக் கட்டிப்பிடித்தான், பிறகு திரும்பி நின்று மூக்கைத் துடைத்தான். அதற்குப் பிறகுதான் மெல்லச் சொன்னான், ஃபோர் ஸ்ட்ரோக் நின்றுவிட்டதாம், எழும்பவில்லையாம். நிறுத்தினால் குளிரில் திரும்ப எழும்பாதோ என்று பயந்து, நகுலா சொன்னதை மீறி இரண்டு மணித்தியாலமாகச் சும்மா இயங்கவிட்டிருக்கிறான். பிளக்கெல்லாம் கரி.

நேரம் பன்னிரண்டரை. மேற்கே வானம் சாம்பல் பூத்திருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் மிச்சம் இருந்த பெற்றோல் ஊர்வரை காணாது, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி ஊற்றினாலும் அது மூன்று பேரைச் சுமக்காது.

நகுலா பையிலிருந்த எரிவாயு அடுப்பைக் கொளுத்தினாள். மூன்று பிளக்கையும் கழற்றினாள். கத்திமுனையால் கரியைச் சுரண்டி, துணியால் துடைத்து, குறட்டில் பிடித்து ஒவ்வொன்றாக நெருப்பில் காட்டினாள். தவபாலன் போர்வைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒயில் எப்பிடி இதுக்குள்ளை போனது?"

கிருபா குனிந்து இழுவைக் கயிற்றின் முடிச்சை இறுக்கினான்.

"கானுக்கை கலந்தனியோடா?"

"ஓமண்ணை."

"அப்புவின்ரை பிள்ளைதான் நீ," என்று தகப்பனை நினைத்துச் சொல்லிவிட்டுத் தவபாலன் சிரிக்கத் தொடங்கினான். சிரித்தால் கால் நோகிறது, நோவோடு சிரிக்கிறான். கிருபாவும் சிரித்தான். உங்கள் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று நகுலா குறட்டோடு நிமிர்ந்தாள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சூடு ஆறுமுன் பிளக்குகளை முறுக்கினாள். முதல் முறை முனகியது. இரண்டாம் முறை இருமியது. மூன்றாம் முறை ஒரு கறுத்த புகையைத் துப்பிவிட்டு இயந்திரம் ஓடத் தொடங்கியது. நகுலா தன் வண்டியின் பெல்ட்டை மறுபடி கழற்றினாள்.

ஒரு மணிக்குத் திரும்பினார்கள். அகன்ற இருக்கையில் தம்பியின் முதுகில் சாய்ந்து தவபாலன். பின்னால் கயிற்றில் இயங்காத டூ ஸ்ட்ரோக், அதில் நகுலா, மறுபடியும் அதே புகை. இந்த முறை அது அவளுக்கு நாறவில்லை. கடைசி ஐந்து கிலோமீற்றரில் பனி கொட்டத் தொடங்கியது, முன்னால் போகிறவர்களின் முதுகு மறைந்து மறைந்து தெரிந்தது. கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்று பத்துக்கு ஊர் மருத்துவமனை. இரண்டு எலும்பு முறிந்திருக்கிறது, பாதத்துக்கு ஆபத்தில்லை, இன்னும் ஒரு இரவு அங்கே கிடந்திருந்தால் வேறு கதை என்றார் மருத்துவர். மீட்புக் குழு அதிகாரி தொலைபேசியில் வாழ்த்தினார். எந்த வண்டியில் போனீர்கள் என்று ஆவலாகக் கேட்டார். கிருபா வாயைத் திறந்தான், நகுலாவைப் பார்த்தான். ஒன்றில் போயிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கமாட்டோம், மற்றதில் போயிருந்தால் வந்து சேர்ந்திருக்கமாட்டோம் என்றான். இனிமேல் கராஜுக்கு வருகிறவர்களிடம் எங்கே போகப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்று இருவரும் அங்கேயே பேசி முடிவெடுத்தார்கள்.

நகுலா ஜன்னலோரம் போய் நின்றாள். வெளியே ஒரே வெள்ளை. மலை இருந்த இடமே தெரியவில்லை. மலைமேல் கிடந்திருக்க வேண்டிய தவபாலன் பின்னால் கட்டிலில் இருந்துகொண்டு, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று தாதியிடம் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான்.