மூன்று பீப்

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தியதும் உள்ளே காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு மூன்று பீப். ஒவ்வொன்றுக்கும் நடுவே, மூச்சு வாங்கிக்கொள்வதுபோல ஓர் இடைவெளி.

கட்டட வரைபடக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று. ஐந்துக்குள் வரைபடம் போயாக வேண்டும். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நாலு வயது மகள் பக்கத்து அறையில் சாப்பிட்ட களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து விடாத மழை. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த நீரின் நிழல் சுவர் முழுக்க மெல்ல ஊர்ந்துகொண்டிருக்க, நனைந்த சுண்ணாம்பு வாடையோடு சூடான தூசியின் கருகல் வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்தது.

போன வருஷம் உதிரிகளை வாங்கிவந்து, இதே மேசையில் வைத்து அந்தக் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தவன் மனைவியின் தம்பி. அவனுக்கே போன் போட்டார்.

"ஆன் ஆகவே மாட்டேங்குது மச்சான்."

"முதல்ல ப்ளக்கைப் பிடுங்குங்க மாமா. மூடியைக் கழட்டி, உள்ள இருக்குற ரேம் பட்டையைத் தொடச்சு மாட்டுங்க. பாதிக் கோளாறு அதுலேயே சரியாயிடும்."

"எதையாவது உடைச்சுடப் போறேன்."

"அதென்ன கண்ணாடி வளையலா? தைரியமா அழுத்துங்க."

துடைத்து மாட்டி, ப்ளக்கைச் செருகி அழுத்தினார். அரைச் சுற்று. மூன்று பீப். அவன் சொன்னபடி கிராபிக்ஸ் கார்டை உருவினார். மூன்று பீப். ஹார்டு டிஸ்க் வயரையும் கழட்டினார். மூன்று பீப், முன்னைவிடச் சத்தமாக.

"இப்பவும் அதே மூணு பீப்புதான்."

"என்ன பீப்பு மாமா?"

"அதான், போட்டதும் கத்துதே."

"அது கத்தவே முடியாதே! அதுக்குப் போர்டுல தனியா ஒரு குட்டி ஸ்பீக்கர் மாட்டணும். நான் மாட்டவே இல்லையே."

அவர் ப்ளக்கைப் பிடுங்கினார். வயரின் நுனியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மழைச் சத்தம். குளியலறைக் குழாய் சொட்டும் சத்தம்.

பீப்.

முதுகுக்குப் பின்னால்.

பீப்.

பக்கத்து அறை.

பீப்.

எப்படி அங்கே போனார் என்று அவருக்கே தெரியாது. மகள் மல்லாந்து படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. உதடுகள் லேசாகப் பிளந்திருந்தன, அசையவில்லை. பீப் சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

"கண்ணு... எந்திரிம்மா. அப்பா வந்திருக்கேன் பாரு."

உலுக்கினார். தலை மட்டும் ஆடியது. வாயைப் பொத்தினார். உள்ளங்கையில் சத்தம் அதிர்ந்தது.

"மாமா? என்ன ஆச்சு? மாமா!" கைநழுவி விழுந்த போன் தரையில் கிடந்து கத்தியது. யாரைக் கூப்பிட? என்ன செய்ய?

எதைக் கழட்ட?

மகளின் மார்பில் காதை வைத்தார். துடிப்பு இல்லை. விலா எலும்புக்கு அடியில் ஏதோ அரைச் சுற்று சுற்றியது. நின்றது. மறுபடி அரைச் சுற்று.

பிறகு நிற்காமல் சுழலத் தொடங்கியது.

அவள் மூக்கிலிருந்து சூடான காற்று அவர் கன்னத்தில் சீராக வீசியது. வீசிக்கொண்டே இருந்தது. ஒருமுறைகூட உள்ளே இழுக்கவில்லை.