கைப்பிடி இல்லாத கூரை

அந்தக் காட்டு முகாமில் பதினான்கு நாள் தங்கலாம். பதினைந்தாம் நாள் தங்கக் கூடாது. மரங்கள் மட்டும் எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கலாம்.

பத்து வயது ஜூனிக்கு இந்த விதி நன்றாகத் தெரியும். மார்ச் மாதம் வாடகை வீட்டை விட்டு வந்ததிலிருந்து, அவளும் அம்மா டாராவும் ஒரு பழைய பிக்-அப் வண்டியின் முதுகில் உள்ள கேம்பர் என்னும் மடக்குக் கூண்டில்தான் வாழ்கிறார்கள். வண்டி ஓடும்போது கேம்பரின் கூரை படுத்திருக்கும். நின்றதும் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் கூரை எழும்பும். அதோடு சேர்ந்து துணிச் சுவர்களும் எழும்பும். நாற்பத்தாறு சுற்று. அது ஜூனியின் வேலை.

பதினான்கு நாள் ஆனதும் கூரையை இறக்கி, வேறு முகாமுக்குப் போய், மறுபடி ஏற்ற வேண்டும். முகாம் மாறினால் பள்ளிக்கூடமும் மாறும். இது மூன்றாவது பள்ளிக்கூடம். இங்கே அவளுக்குத் தன் பெயர் எழுதிய ஓர் அலமாரி கூடக் கிடைத்திருந்தது.

இந்தமுறை ஒரு நல்ல செய்தி இருந்தது. அம்மா வேலை பார்க்கும் துணி துவைக்கும் கடையின் மாடியில் ஓர் அறை புதன்கிழமை காலியாகிறது. ஆனால் பதினான்கு நாள் ஞாயிற்றுக்கிழமையே முடிகிறது. நடுவில் மூன்று இரவுகள் இடித்தன. அடுத்த முகாம் அறுபது மைல் தள்ளி இருந்தது.

"யாரும் புகார் சொல்லலைன்னா முகாமைப் பாத்துக்கிற ரேஞ்சர் நாட்களை எண்ண மாட்டாங்க," என்று அம்மா சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை மாலை, எண்ணத் தெரிந்த ஒருவர் வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் பிரெண்ட் ஹால்வர்சன். அவருடைய வண்டியும் கேம்பரும் ஜூனி படிக்கும் வகுப்பறையை விடப் பளபளப்பாக இருந்தன. கூரை மேல் இரண்டு படகுகளும் ஒரு பெரிய இரும்புப் பெட்டியும் கட்டியிருந்தன. படகுகளில் கடைக்காரர் ஒட்டிய சீட்டு இன்னும் கிழிபடவில்லை.

இறங்கியதும் அவர் விதிப் பலகையின் முன் நின்று, மனைவி மாவிஸுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். ஒன்பது விதிகள். நான்காவதான பதினான்கு நாள் விதியோடு நிறுத்திக்கொண்டார். வேண்டியது கிடைத்துவிட்டது போல, நேரே ஜூனியின் இடத்துக்கு வந்து, கம்பத்தில் செருகியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தார்.

"நாளையோட பதினாலு முடியுது. கிளம்பிடுவீங்கல்ல?"

"புதன்கிழமை எங்களுக்கு ரூம் கிடைக்குது சார். அதுவரைக்கும் மட்டும்..."

"விதின்னா விதிதான் பாப்பா. நான் நாற்பது வருஷமா காட்டுக்கு வர்றவன். ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் குடிவந்துடுவாங்க."

நாற்பது வருடமாகக் காட்டுக்கு வருபவரின் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது.

அவர் திரும்பிப் போய், தன் கேம்பரின் பொத்தானில் விரலை வைத்தார். "பாத்துக்கோ மாவிஸ். பத்து நொடி."

மோட்டார் உறுமியது. கூரை நான்கு விரல் உயர்ந்தது. பிறகு நின்றுவிட்டது.

அவர் மறுபடி அமுக்கினார். மறுபடி உறுமல். பத்து நிமிடம் அமுக்கிக்கொண்டே இருந்தார். முதலில் தீய்ந்த வாசனை வந்தது. பிறகு உறுமலும் வரவில்லை. பிறகு மழை வந்தது.

மாவிஸ் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்த பிறகு ஜூனியால் தன் இடத்தில் உட்கார முடியவில்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

"பட்டனை விட்டுடுங்க சார். மோட்டார் சூடாயிடுச்சு."

"உனக்கு என்ன தெரியும்?"

"எங்க கூரையும் நாலு தடவை மாட்டியிருக்கு." அவள் கேம்பரைச் சுற்றி வந்து கூரைக் கொக்கிகளைப் பார்த்தாள். ஆறும் கழன்றுதான் இருந்தன. "கொக்கியில தப்பில்ல. மேல இருக்கிற கனம்தான்."

"யானை ஏறி நின்னாலும் இந்தக் கூரை தாங்கும்னு கம்பெனிக்காரன் சொன்னான்."

"தாங்கும் சார். யானையைத் தூக்குமான்னு கேட்டீங்களா?"

மாவிஸ் வண்டியின் முன்சீட்டுப் பெட்டியைத் திறந்து கேம்பரின் கையேட்டை எடுத்தாள். அது வாங்கிய அன்று இருந்தபடி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"முதல் பக்கம். முதல் விதி," என்று படித்தாள். "கூரையை ஏற்றும் முன் மேலே உள்ள சுமையை இறக்கவும். விதின்னா விதிதானே பிரெண்ட்?"

படகுகள் இறங்கின. பெட்டியும் இறங்கியது. ஆனால் மோட்டார் செத்துப் போயிருந்தது.

"கையால சுத்த ஒரு ஓட்டை இருக்கும்," என்று ஜூனி பின்பக்க ரப்பர் மூடியைப் பிடுங்கினாள். "உங்க கைப்பிடி எங்க?"

"வீட்ல மாட்டி வெச்சிருக்கேன்," என்றார் அவர். "கையால சுத்தறதெல்லாம் அந்தக் காலம்."

ஜூனி ஓடிப்போய்த் தன் கைப்பிடியைக் கொண்டு வந்தாள். பொருந்தியது. ஐம்பத்திரண்டு சுற்று. அவள் சுற்றினாள். ஹால்வர்சன் குடையைத் தனக்குப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா," என்று சொல்லி உதவினார்.

கூரை எழும்பியதும் அவர் மனம் நெகிழ்ந்து, ஜூனிக்கு ஒரு பரிசு கொடுத்தார். உள்ளங்கை அளவு ஒட்டுத்தாள். 'காடு எல்லோருக்கும் சொந்தம்' என்று அதில் அச்சடித்திருந்தது.

ஜூனியின் கேம்பர் துணியில் ஓர் ஓட்டை இருந்தது. ஒட்டுத்தாள் அதற்குச் சரியாக இருந்தது. மழை முழுக்க ஒழுகவே இல்லை.

ஞாயிறு காலை ரேஞ்சர் பிங்காம் ஜீப்பில் வந்தாள். ஹால்வர்சன் பாதிக் காப்பியில் எழுந்து போய், ஜூனியின் ஆறாம் எண் இடத்தைக் கைகாட்டிப் பேசினார்.

"தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் இல்ல," என்று அவர் கடைசியில் சொன்னது மட்டும் கேட்டது.

ரேஞ்சர் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். "டாரா, அவர் சொல்லிட்டார். இனி நான் எண்ணித்தான் ஆகணும். மதியத்துக்குள்ள கிளம்பிடுங்க."

அம்மா பாத்திரங்களை எடுத்து வைத்தாள். கடைசித் தட்டை அடுக்கும்போது, "நேத்து அவரை நனைய விட்டிருக்கலாம்," என்றாள்.

"மாவிஸும் நனைஞ்சிருப்பாங்கம்மா."

"அதுவும் சரிதான்," என்று அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பள்ளி அலமாரியில் தன் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிடுவார்களா, வைத்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே, ஜூனி கூரையை இறக்கக் கைப்பிடியைத் தேடினாள். அது ஹால்வர்சனின் கேம்பர் படியில் இருந்தது. போய் எடுத்தாள்.

"பிரெண்ட்," என்று மாவிஸ் நாற்காலியிலிருந்து எழாமல் கூப்பிட்டாள். "உன் கூரை போகுது."

ஹால்வர்சன் வேகமாக வந்தார். "அதை இங்கயே விட்டுட்டுப் போ பாப்பா. நாளைக்கு விடுமுறை. புதன்கிழமைதான் மெக்கானிக் வரச் சொல்லியிருக்கான். கூரையை இறக்காம நான் எப்படி வண்டி ஓட்டறது?"

"இது இல்லாம ராத்திரி எங்க கூரையை எதால ஏத்தறது சார்?"

"அப்ப இப்பவே என்னோடதை இறக்கிடு."

"இறக்கிட்டு மூணு ராத்திரி எங்க படுக்கிறது?" என்றாள் மாவிஸ். "ஊர்ல எந்த ஓட்டல்லயும் ரூம் இல்லைன்னு நேத்தே சொல்லிட்டாங்க. படகுலயா?"

ஹால்வர்சன் படகுகளைப் பார்த்தார். அவர் தலைக்குப் பின்னால் விதிப் பலகை தெரிந்தது. எத்தனையோ முகாம்களில், அம்மா வேலை முடிந்து வரும்வரை ஜூனி படித்துக்கொண்டிருந்த அதே பலகை.

"மேடம்," என்று ஜூனி, இன்னும் கிளம்பாமல் நின்ற ரேஞ்சரைக் கூப்பிட்டாள். "ஒன்பதாவது விதி இருக்கே?"

ரேஞ்சர் கிட்டே போய்ப் படித்தாள். "பழுதான வண்டிக்கு உதவி செய்பவர், அந்த வேலை முடியும்வரை தங்கலாம். உதவி பெறுபவர் எழுதித் தர வேண்டும்." அவள் ஜீப்பைப் பார்த்து நடந்தாள். "இதுக்கு ஒரு படிவம் கூட இருக்கு. யாரும் இதுவரைக்கும் கேட்டதே இல்ல."

ஹால்வர்சன் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார். உதவி பெறுபவர் பெயர். அதை எழுதினார். உதவுபவர் வயது. பத்து என்று சின்னதாக எழுதினார். அடுத்த வரியில் பேனா நின்றது.

"'என்ன உதவி'ன்னு கேட்டிருக்கு. என்ன எழுதறது?"

"கூரையைத் தூக்கத் தெரியலைன்னு எழுது," என்றாள் மாவிஸ். "நாற்பது வருஷம்கிறதையும் சேர்த்துக்கோ."

புதன்கிழமை காலை ஜூனி ஐம்பத்திரண்டு சுற்றுச் சுற்றி அவர் கூரையை இறக்கினாள். அவர் நன்றி சொல்லவில்லை. கொக்கிகளை மட்டும் இரண்டு தடவை எண்ணினார். மாவிஸ் ஜன்னல் வழியே கைகாட்டினாள்.

பிறகு ஜூனி தங்கள் கூரையை இறக்கினாள். நாற்பத்தாறு.

துணி துவைக்கும் கடையின் மாடி அறை சின்னது. சோப்பு வாசனை தூக்கலாக இருந்தது. கூரையில் ஈரக்கறை இருந்தது. கீழே இயந்திரங்கள் சுற்றும்போது தரை லேசாக நடுங்கியது. ஜூனி பழக்கத்தில் நான்கு சுவர்களையும் தடவிப் பார்த்தாள்.

"என்ன தேடறே?" என்றாள் அம்மா.

"கைப்பிடி சொருகற ஓட்டையை," என்றாள் ஜூனி. "எங்கயுமே இல்லம்மா."