இருபத்துமூன்றாவது நன்றி

ட்ரிங்... ட்ரிங்...!

காலை எட்டேகால். வாவிக்கரை ஐஸ் தொழிற்சாலையின் மேனேஜர் வினாயகமூர்த்தி, தேநீரை உறிஞ்சிக்கொண்டே ரிசீவரை எடுத்தார்.

"சேர்... தனுஷியா கதைக்கிறன்."

வரவுப் பதிவு பார்க்கும் பெண். குரல் நடுங்கியது.

"ரதீஸ் வேலைக்கு வந்திரிக்கான் சேர்!"

தேநீர் சட்டையில் கொட்டியது.

"எந்த ரதீஸ்?"

"நம்மட மெஷின் ஒப்பரேட்டர்தான். ஒரு மாச நோட்டீஸ் முடிக்காம ரெண்டு கிழமைக்கு முந்தி வேலைய விட்டுட்டுப் போனானே... அவன்ட விரல் இண்டைக்கு எட்டு மணிக்குப் பதிவாகியிரிக்கி!"

வேலையை விட்டுப் போனானாம்!

அந்தக் கதையைக் கட்டிவிட்டவரே வினாயகமூர்த்திதான்.

ஐஸ் பெட்டிகளுக்குள் கஞ்சாப் பொதிகள் போவதை ரதீஸ் கண்டுவிட்டான். அன்று மாலையே ராஜினாமாக் கடிதத்தை மேசையில் எறிந்தான்.

"ஒரு மாசம் நோட்டீஸ் இருக்கே தம்பி..." என்றார் இவர்.

"நோட்டீசும் மண்ணாங்கட்டியும்! இப்பவே போறன். நேரா பொலிசுக்கு!"

சொல்லிவிட்டுத் திரும்பினான். திரும்பியிருக்கக் கூடாது, பாவி. இரும்புக் கம்பி பின்மண்டையில் இறங்கியது.

மறுநாள் மத்தியானம், அவன் போனிலிருந்தே அலுவலக வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி. 'கொழும்புக்கு வந்திட்டன். நண்டுக்கறியோட சோறு சாப்பிடுறன். தேடாதீங்க.'

கச்சிதமான வேலை! ரதீஸ் இப்போது வாவியின் அடியில், கண்டல் வேர்களுக்கு நடுவே, சாக்குக்குள், ஐஸ் வார்க்கும் தகரப் பெட்டியோடு கட்டுண்டு கிடக்கிறான்.

கிடக்க வேண்டும்...!

"மெஷின் பிழையாயிருக்கும். அழிச்சு விடு!"

அழித்தாள். மறுநாளும் ரதீஸ் வந்தான்.

மூன்றாம் நாள் ஏழு மணிக்கே விரல் பதியும் மெஷினுக்கு எதிரே கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார் வினாயகமூர்த்தி. ஒவ்வொருவராக வந்து விரல் வைத்தார்கள். முதுகுகள் மெஷினை மறைத்தன. மெஷின் ஒவ்வொரு விரலுக்கும் பெண் குரலில் நன்றி சொன்னது. இவர் வாய்க்குள் எண்ணினார். கடைசியாக, சாப்பாட்டுப் பொதியோடு தனுஷியா.

இருபத்திரண்டு தலைகள்.

இருபத்துமூன்று நன்றி!

"சேர்... ரதீஸ்ட பேர் விழுந்திட்டு!" தனுஷியா மெஷினைக் காட்டினாள். "கண்ணாடி ஈரமாக் கிடக்கு. மோந்து பாருங்க... வாவித் தண்ணி மணக்குது!"

மோந்தார். மணந்தது!

அதற்குப் பிறகு அவரால் இருக்க முடியவில்லை. ஒரு தடவை... ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். தோணியை எடுத்தார். தானே துடுப்பு வலித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. தூரத்தில் ஒரே ஒரு மீன்பிடித் தோணி.

கண்டல் மரங்களுக்குள் நுழைந்து, தண்ணீருக்குள் கைவிட்டு, கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

கனத்தது...

சாக்கு மேலே வந்தது. கட்டு அவிழவில்லை.

"அப்பாடா!" என்றார் வாய்விட்டு. "இங்கேதான் கிடக்கிறான்!"

"ஓம். எங்களுக்கும் அதுதான் தெரியணும்."

திரும்பினார். மீன்பிடித் தோணி பக்கத்தில் நின்றது. சாரமும் தொப்பியுமாக எழுந்து நின்ற ஆளின் கையில் வலை இல்லை. விலங்கு இருந்தது!

"சப் இன்ஸ்பெக்டர் அம்ஜத். கயித்த விட்றாதீங்க, மேனேஜர். அது சாட்சி."

கரையில் தனுஷியா காத்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"ரதீஸ் அண்டைக்கு நண்டு சாப்பிட்டானாம், என்ன சேர்?"

"என்ன... என்ன சொல்ற?"

"அண்டைக்கு ஆடி அமாவாசை! அப்பா இல்லாதவன் விரத நாளில மச்ச மாமிசம் தொடுவானா? நானும் அவனும் ஒரே வருசம் அப்பாவைப் பறிகுடுத்தவங்க. வருசாவருசம் மாமாங்கக் கோயில் குளத்தில ஒண்டாத் தீர்த்தமாடுறம். இந்த முறை அவன் வரல்ல சேர். நான் பின்னேரம் வரைக்கும் குளத்தடியில நிண்டன்!"

அழுதுவிட்டாள்.

வெள்ளவத்தையில் வினாயகமூர்த்தியின் தகப்பன் கல்லுப்போல உயிரோடு இருக்கிறார். அவருக்கு எங்கே அந்த நாள் ஞாபகம் வரப்போகிறது!

"உடல் இல்லாம ஒண்டும் செய்ய ஏலாதுண்டு இவருதான் சொன்னாரு." அம்ஜத்தைக் காட்டினாள். "அவன் கடைசியாக் கடிதத்தோட வந்தது உங்களிட்டத்தான். உடல் கிடக்கிற இடம் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்!"

"அப்ப... அந்த விரல்?"

தனுஷியா இடது பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"ரதீஸ்ட நம்பருக்கு இதப் பதிஞ்சி வெச்சன். வலது விரல் எனக்கு... இடது அவனுக்கு. வாவித் தண்ணியும் நான் போத்தல்ல கொண்டுவந்ததுதான்."

கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, விலங்கு பூட்டிய கைகளுக்குள் செருகினாள்.

"என்ட ராஜினாமா. ஒரு மாச நோட்டீஸ் தர ஏலா. கோவிக்காதீங்க சேர்... நீங்களும் நோட்டீஸ் குடுக்காமத்தானே போறீங்க!"