நாலு நட்டு, ஒரு கொலை!

கார் வளைவில் திரும்பியது.

இடது முன்சக்கரம் திரும்பவில்லை... நேராகப் போய்விட்டது!

கோலாப்பூர் பந்தயத் திடல் அலறி முடிப்பதற்குள் கார் மூன்று முறை உருண்டு சுவரில் மோதியது. ஓட்டிய முதலாளி ரண்தீர் இங்கவலே ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே செத்துப்போனான்.

தலைமை மெக்கானிக் அச்யுத் மகதூம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

செய்ததே அவன்தானே!

இருபது வருஷம் அவன் கட்டிக்காத்த பட்டறையை, "நாளையிலேர்ந்து பாண்டு பாத்துப்பான்" என்று ஒரே வரியில் தூக்கிக் கொடுத்தான் ரண்தீர். எந்தப் பாண்டு? ஸ்பேனரைச் சுத்தியலாக்கும் பாண்டு சௌகுலே! தூ!

காலையில் பாண்டு சக்கரத்தை மாட்டிவிட்டு மிசல் தின்னப் போனான். அந்தப் பத்து நிமிஷத்தில் அச்யுத் நட்டுகளைத் தளர்த்தி, நட்டை அளவு பார்த்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் இருபது மட்டும் வைத்து மறுபடி முடுக்கினான். வேண்டியது நூற்றுப்பத்து. மூன்றாம் சுற்றில் கழலும்... மாட்டிய பாண்டு ஜெயிலுக்குப் போவான்!

இதோ, ஷெட்டில் பாண்டு மூக்கைச் சிந்தி அழுகிறான். எதிரே இன்ஸ்பெக்டர் சுலபா பவார், ஒரு டார்க் ரெஞ்சைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

'இவளெல்லாம் கண்டுபிடிச்சு...!'

"மிஸ்திரி, பக்கத்து ஷெட்ல வாங்கிட்டு வந்தேன். இந்தக் கம்பியை வெச்சு என்னதான் பண்ணுவீங்க?"

"கம்பியா? குடுங்க இப்படி!"

பிடியைத் திருகி நூற்றுப்பத்தில் வைத்தான். நட்டில் மாட்டி நிதானமாக இழுத்தான்.

டிக்!

"அவ்வளவுதான். சத்தம் கேட்டப்புறமும் இழுக்கறவன் கழுதை. இதை வெச்சு நட்டைக் கழட்டறவன் கழுதையிலயும் கேடு!"

பேசிக்கொண்டே பிடியை ஆகக் குறைந்த அடி அளவுக்குத் திருப்பினான். துணியால் துடைத்தான். பெட்டியில் படுக்க வைத்தான்.

"எதுக்குத் திருப்பினீங்க?"

"உள்ள ஸ்பிரிங் இருக்கு மேடம். இறுக்கியே வெச்சா சோர்ந்துடும்... அப்புறம் தப்பு அளவு காட்டும்."

"பாண்டுவும் இப்படித்தான் வெப்பாரா?"

"அவனா? ஜென்மத்துல மாட்டான்! அப்படியே எண்ணெயில போட்டுட்டுப் போவான். இங்க இதை முறையா வெக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்!"

சுலபா சிரித்தாள்.

"கார் கவிழ்ந்த அஞ்சாவது நிமிஷம், பந்தோபஸ்துல இருந்த எங்காளு உங்க ரெஞ்சுக்கு சீல் வெச்சிட்டான். பெட்டிக்குள்ள, அடி அளவுல, பளபளன்னு துடைச்சு இருந்துது. நீங்க என்னடான்னா, இன்னிக்கு அதைத் தொடவே இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க!"

அச்யுத் பாண்டு பக்கம் கையை நீட்டினான்.

"இ... இன்னிக்கு மட்டும் ஒழுங்கா வெச்சிருப்பான்..."

"மேடம்!" பாண்டு கதறினான். "திருப்பி வெக்கணும்னே எனக்கு இப்பத்தான் தெரியும்! இத்தனை வருஷமா கழுதைன்னு திட்டினாரே தவிர, எதுக்குன்னு ஒருநாளும் சொன்னதில்ல!"

அச்யுத் கையில் விலங்கு விழுந்தது. அப்போதும் கொழுப்பு அடங்கவில்லை.

"என் ரெஞ்சை எந்த முட்டாளும் கீழ போட்டுடாதீங்கடா!"

"கவலைய விடுங்க மிஸ்திரி! கோர்ட்ல சாட்சி சொல்லப்போறதே அதுதான்..." சுலபா ஜீப் கதவைத் திறந்தாள்.

"அதுக்கு முன்சீட்டு. நீங்க பின்னாடி ஏறுங்க!"