விடுநேரம்

மகிழன் ஐந்து ஐம்பதுக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினான். ஒரு தம்ளர் காபி குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஏழு மணிக்கு இரண்டு தோசை. ஏழே முக்காலுக்கு வாசற்கதவின் உட்புறம் போய்ச் சற்று நேரம் நின்றான். அந்த நேரத்தில் அங்கே நிற்பது பழக்கம். பிறகு வந்து உட்கார்ந்தான். இன்று விடுப்பு எடுத்திருந்தான்.

சுவர்த்திரையில் அதே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு நாட்டில் வீடுகளிலுள்ள முப்பத்தெட்டு லட்சம் தழுவிகளிலும் புதிய அச்சு ஏறும். பழைய அச்சு அழிந்துவிடும்.

பழைய அச்சு சாருமதியுடையது. அவன் மனைவி. இறந்து பதினான்கு மாதம்.

தழுவி என்பது மூன்று வயதுக் குழந்தை உயரத்தில் ஒரு துணிப்பொம்மை. கைகள் மட்டும் நீளம். உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு இழைத்தசைகள், மின்சாரம் பட்டால் சுருங்கும் நூல்கள். கட்டிக்கொள்கிறவரின் மூச்சையும் நாடியையும் அறிந்து அவை இறுகும், தளரும். திருப்பூரில் மூடிக்கிடந்த ஒரு பனியன் கம்பெனியை வாடகைக்குப் பிடித்து சாருமதி அதைத் தொடங்கினாள். பேசாத, பாடாத, நடக்காத பொம்மையை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர்கள் சிரித்தார்கள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் வாங்கினார்கள்.

எப்படிக் கட்டிக்கொள்வது என்று பொம்மைக்குச் சொல்லும் அச்சை எடுக்க அவள் மகிழனைத்தான் பிடித்தாள். பதினோரு காலைகள், கிளம்பும் முன், அரிக்கிற பதிவுச்சட்டை ஒன்றை அவனுக்கு மாட்டிவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

“அளக்கறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?”

“வேற ஆளக் கட்டிப் புடிக்கட்டுங்களா? சொல்லுங்க, நாளைக்கே ஏற்பாடு பண்ணிர்றேன்.”

பதிவுகளின் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டச் சொன்னாள். முதுகில் இரண்டு தட்டுத் தட்டி அவள் விலகும் இடம் அது. பொறியாளர் பொன்னுரங்கம் தயங்கினார்.

“மேடம், பொம்மை எப்பவாச்சும் விட்டுத்தானுங்களே ஆகணும்?”

“கொழந்த விடற வரைக்கும் அது விடக் கூடாதுங்க. நமக்குத்தான் நேரமாயிருது. பொம்மைக்கு என்னங்க நேரமாகுது?”

வீட்டில் மட்டும் தழுவி கிடையாது. “ஆறு மணிக்கு நானே வந்துருவேன், அது எதுக்கு?” என்பாள். ஒன்பதுக்கு வருவாள். கொச்சித் துறைமுகத்துக்குப் போன அன்று வரவில்லை. வாளையாறு தாண்டி மழையில் விபத்து.

விடாத பொம்மையோடு வளர்ந்த குழந்தைகள் பள்ளி வாசலில் அம்மாவை விடவில்லை. அம்மா கையை விலக்கினால் மூச்சு முட்ட அழுதார்கள். அம்மாவுக்குச் சரியாகக் கட்டிக்கொள்ளத் தெரியவில்லை என்று மருத்துவர்களிடம் புகார் சொன்னார்கள். குழந்தைகள் நல ஆணையம் விடுநேரம் விதித்தது. பத்தொன்பது விநாடியில் பொம்மை விட்டுவிட வேண்டும். அத்துடன் ஒரு லட்சம் அம்மாக்களின் சராசரி அச்சு.

இத்தனை மாதங்களில் மகிழன் ஒரு தழுவியையும் தொட்டதில்லை. தொடலாம் என்று தோன்றியபோது, கடையில் இருந்தவை எல்லாம் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தன.

பதினொன்றே முக்காலுக்கு எதிர் ஃப்ளாட்டின் மணியை அடித்தான். சுபாஷிணி திறந்தாள்.

“நிலானியோட தழுவி வேணும்மா. ஒரே ஒரு தடவ.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

“வாங்கண்ணா. சாருக்கா எங்கள நல்லா மாட்டி வுட்டுட்டுப் போயிட்டாங்க. நான் கட்டிக்கிட்டா சீக்கிரம் விட்டுட்டேன்னு இவ சண்டைக்கு வர்றா.” சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆறு வயது நிலானி பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“அங்கிள், நீங்க பெரியவங்க. உங்களுக்கு எதுக்கு?”

“சும்மா.”

“அழுவீங்களா?”

“தெரியல.”

“அழுதா அது மேல படாம அழுவுங்க. ஈரமானா நாறும்.”

அவன் தரையில் முழங்காலிட்டான். நீண்ட கைகள் அவனைச் சுற்றிக்கொண்டன. வலக்கை இடது தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே வந்து அமர்ந்தது. அங்கே ஒரு விரல் ஒருமுறை அசைந்தது, சட்டைச் சுருக்கத்தை நீவுவது போல. சாருமதி நீவுவாள். பிறகு கழுத்தோரம் அந்த அழுத்தம். மோவாய்.

அவன் இறுக்கினான். அதுவும் இறுக்கியது.

அவன் முதுகு காத்திருந்தது. இரண்டு தட்டுக்கு. வரவில்லை. ஒரு நிமிடம், மூன்று நிமிடம். ஆறு வருடத் திருமணத்தில் அவள் இவ்வளவு நேரம் நின்றதே இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் அது சாருமதியாக இல்லாமல் போகத் தொடங்கியது.

“போதும் அங்கிள். என்னுது.”

“விட மாட்டேங்குது.”

“அது விடாது. நீங்கதான் விடணும்.”

அவன் விடவில்லை. பன்னிரண்டு அடித்தபோது இழைகள் எல்லாம் ஒரே சமயத்தில் தளர்ந்தன. மறுபடி இறுகின. இப்போது கை நடுமுதுகில் இருந்தது. யாருடைய கையும் இல்லை. பத்தொன்பதாவது விநாடியில் அது அவனை விட்டது.

நிலானி பிடுங்கிக்கொண்டு கட்டிப் பார்த்தாள். அது அவளையும் விட்டது.

“அம்மா! இது விட்டுருச்சும்மா!”

சுபாஷிணி அழுகிற மகளைத் தூக்கிக்கொண்டாள். இன்றைக்கு எத்தனை வீடுகளில் இப்படி அழுவார்கள் என்று மகிழன் நினைத்தான். அவர்களுக்கு விடுவதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவனுக்கு ஒருத்தி தினமும் சொல்லித் தந்திருந்தாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினான். உட்புறம் அதே இடத்தில் நின்றான். பதினான்கு மாதத்துக்கு முன், கொச்சிக்குக் கிளம்பிய காலை ஏழே முக்காலுக்கு, இங்கேதான் அவள் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவன் விடவில்லை. அப்போது சொன்னாள்:

“விடுங்க, நேரமாச்சு. மிச்சத்தச் சாயங்காலம் பாத்துக்கலாம்.”