அறைத்தோழி

மூன்றாவது மாணவியும் அதையே சொன்னபோது ஆலோசகர் எழுதுவதை நிறுத்தினாள்.

“ரூம்மேட் தூங்கவே மாட்டேங்கறா மேடம். நான் கண்ணை மூடினா கட்டில் பக்கத்துல வந்து நின்னுக்கறா.”

வேறு வேறு துறை, வேறு வேறு மாடி. ஒருத்தியை ஒருத்திக்குத் தெரியாது. ஆனால் வார்த்தை பிசகவில்லை.

கல்லூரி முதல்வரிடம் போனாள். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“எக்ஸாம் டென்ஷன்மா. மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுங்க.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க சார்.”

“அப்ப சரியாத்தானே சொல்லியிருக்கேன்?”

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டாயிரம் பேருக்கு ஒரே ஆலோசகர். அவளுக்கும் ஜெராக்ஸ் அறையில் பலகை வைத்துத் தடுத்த ஒரு மூலை. அறையையாவது மாற்றிக் கொடுங்கள் என்று விடுதி வார்டனுக்குப் போன் செய்தாள்.

“யாரை மேடம் மாத்தறது? மூணு பேருக்குமே தனி ரூம்.”

மறுநாள் மூன்றாவது மாணவி வகுப்புக்கு வரவில்லை. மதியம் மூன்று மணிக்கு ஆலோசகரே விடுதிக்குப் போனாள். எல்லோரும் வகுப்பில் இருந்ததால் நீண்ட நடைபாதையில் சோப்பு வாடையும், எங்கோ மூடாத குழாய் சொட்டும் ஓசையும், அவளுடைய செருப்புச் சத்தமும் மட்டுமே கூட வந்தன.

கதவு தாழிடப்படவில்லை. மாணவி தரையில், சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தாள். கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. உதட்டில் விரல் வைத்தாள்.

“மெதுவா மேடம். இப்பதான் அசந்துட்டா.”

ஒரே கட்டில். அதில் யாரும் இல்லை. தலையணையில் மட்டும் ஒரு குழி.

இத்தனை நாள் அடக்கிய எரிச்சலெல்லாம் அந்தப் பெண் மேலேயே பாய்ந்தது. “போதும்மா! இங்க பாரு, ஒண்ணுமே இல்ல.” விரிப்பின் மேல் ஓங்கித் தட்டினாள்.

விரிப்பு சூடாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். தலையணைக் குழி மெல்ல நிமிர்ந்தது. கட்டில் கிரீச்சிட்டது. மெத்தையின் ஓரம் அமுங்கியது. யாரோ காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தது போல. பிறகு அதுவும் எழும்பியது.

“எழுப்பிட்டீங்களே மேடம்...”

மாணவியின் பார்வை கட்டிலை விட்டு நகர்ந்தது. மெதுவாக. தரை. ஆலோசகரின் கால். தோள். தோளுக்குப் பின்னால் நின்றது.

மாணவியின் முகம் தளர்ந்தது. இமைகள் கனத்து இறங்கின. தலை சாய, அப்படியே தூங்கிப்போனாள்.

ஆலோசகர் திரும்பவில்லை. பிடரியில் யாரோ வெதுவெதுப்பாக மூச்சு விட்டார்கள்.